காரில் ஒட்டிய ஸ்டிக்கரும் கையில் எடுக்கிற பாட்டிலும்

ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம், எடுப்பதற்கு ஒரு பகல். ஸ்டிக்கர் சமாசாரமே இதுதான், சகோதரிகளே. எவர்சில்வர் தூக்குப்போசியில் இருக்கிற சின்ன ஸ்டிக்கரே நம் நகத்தைப் பதம் பார்த்துவிடுகிறது. நாலு வருஷம் வெயிலில் நின்ற காரில் ஒட்டியது சும்மா வருமா?

எங்கள் பொங்கலூர்ப் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு பழைய கார் வாங்குகிறார்கள். பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய்வர ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. வாங்கும்போது, முன்னால் வைத்திருந்தவருடைய குலதெய்வம், அபிமான நடிகர், கட்சிக் கொடி, பிள்ளைகளின் பெயர் எல்லாம் சேர்ந்தே வருகிறது. அதையெல்லாம் சுரண்டி எடுக்கிற வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? நம் தலையில்தான்!

"ஏனுங்க அக்கா, தின்னர் ஊத்தித் தேச்சா வந்துருமுங்களா?" என்று பக்கத்து வீட்டுப் புதுப்பெண் கேட்டாள். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. "வந்துரும் கண்ணு, பெயிண்டும் சேர்ந்து வந்துரும்" என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது?

சென்னையில் 2024 மே 2-ம் தேதி முதல், சொந்த வண்டிகளில் பிரஸ், போலீஸ், வக்கீல், டாக்டர் என்று தொழிலையும் துறையையும் காட்டும் ஸ்டிக்கர்களுக்குப் போக்குவரத்துப் போலீசார் அபராதம் விதிக்க ஆரம்பித்தார்கள். அறிவிப்பு வந்து சில நாள் அவகாசம்தான். அந்த வாரம் சென்னையில் எத்தனை பேர் கண்ணாடியைச் சுரண்டினார்களோ! "அது மெட்ராஸ் சங்கதி, நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர சாமி படம், கட்சிச் சின்னம், பட்டப்பெயர் எதுவும் இருக்கக்கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொது. முந்தையவருடைய ஸ்டிக்கருக்கு நாம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளையும் பாருங்கள். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு விதியில் மாற்றம் வந்தாலும், முன், பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவிகிதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற அளவு அப்படியேதான் இருக்கிறது. பின் கண்ணாடியை அடைத்து நிற்கிற பெரிய எழுத்தும் ஆபத்துதான். வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

தொடக்கூடாதவை இரண்டு. 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வண்ண ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல், கேஸ் வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. வண்டி எண்ணெல்லாம் அதில் இருக்கும். அதுவும் பதிவு அடையாளத்தில் சேர்ந்தது. உரித்தால் கிழிந்துபோகும்படியே செய்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக். பழைய சொந்தக்காரருடையது ஒட்டியிருந்தால், முதலில் அவரிடம் சொல்லி, கொடுத்த பாங்கில் கணக்கை மூடச் சொல்லுங்கள். பிறகு உரிக்கலாம். இல்லையென்றால் நீங்கள் போகிற வழிக்கெல்லாம் அவர் கணக்கிலிருந்து காசு போகும். உரித்ததை வேறு வண்டியில் ஒட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு வண்டிக்கு என்று பதிவானது அந்த வண்டிக்குத்தான். புதியதைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் கையில் தூக்கிக் காட்டுகிற ஃபாஸ்டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது.

சூடும் எண்ணெயும் போதும்

ஸ்டிக்கரின் பசை ஈரம் காய்ந்து இறுகுகிற மைதாப் பசை போன்றதல்ல. அழுத்தினால் பிடித்துக்கொள்கிற ஜாதி. சூடு பட்டால் இளகும், எண்ணெய் பட்டால் ஊறித் தளரும். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் கடையில் விற்கிற எந்தத் திரவமும் பெரும்பாலும் தேவைப்படாது.

முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி மண்ணைப் போக்குங்கள். மண்ணோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறல் விழும். பிறகு தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு நிமிஷம் ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். டிரையர் இல்லையா? வெந்நீரில் பழைய துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுங்கள். பிள்ளைக்கு ஒத்தடம் கொடுக்கும்போது கையில் பார்ப்போமே, அந்தச் சூடு போதும். கொதிக்கிற தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றாதீர்கள், விரிந்துவிடும்.

ஓரத்தை நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் கார்டாலோ நெம்பி, மேலே தூக்கி இழுக்காமல், படுக்கை வசத்தில் மெதுவாகப் பின்னுக்கு மடித்து இழுங்கள். நின்றுவிட்டால் மறுபடி சூடு. வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டிய பழைய ஸ்டிக்கர் துண்டு துண்டாகத்தான் வரும், பொறுமை வேண்டும். தடிமனான எழுத்துச் சின்னமாக இருந்தால், நைலான் நூலை அதன் பின்னால் கொடுத்து ரம்பம் போல் இழுத்தால் சின்னம் தனியே வந்துவிடும்.

மிச்சம் நிற்கிற பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற நமக்கு அதற்கென்ன பஞ்சம்! டிரையரை அணைத்து எடுத்து வைத்துவிட்டு, துணியில் எண்ணெயைத் தொட்டு அதன்மேல் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு உருட்டி உருட்டித் தேய்த்தால் பசை உருண்டையாகத் திரண்டு வரும். துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்டுக்கு இணையே கிடையாது. மிருதுவான பருத்தித் துண்டாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பொத்தான், ஜிப், முரட்டுத் தையல் இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

கடைசியில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் நின்றால், ராத்திரி திருச்சி ரோட்டில் எதிரே வருகிற லாரி வெளிச்சம் அதில் பரவிக் கண்ணைக் கூசவைக்கும். இது விளையாட்டில்லை.

பிளேடு போடலாமா? கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும், சோப்புத் தண்ணீர் தடவி, சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளலாம். பெயிண்டில் கூடவே கூடாது. பின் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடினால் அங்கேயும் கூடாது. பனி படிந்தால் சூடேற்றுகிற கம்பிக் கோடுகள் அவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை வேலை செய்யாது. நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பெயிண்டைக் கரைக்கும், பம்பர் பிளாஸ்டிக்கை வெளுத்துப்போகச் செய்யும்.

எல்லாம் எடுத்த பிறகும் ஸ்டிக்கர் வடிவில் ஒரு நிழல் தெரியலாம். அது பசையல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கையை நோகடிக்காதீர்கள். கார் பாலிஷ் போட்டால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

காரைவிடப் பெரிய விஷயம்

இனி நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படியுங்கள். ஸ்டிக்கர் எடுக்க என்று சீமெண்ணெய், பெட்ரோல், தின்னர், டர்பன்டைன், பனியன் கம்பெனியில் எண்ணெய்க்கறை எடுக்கிற மருந்து என்று ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. எதில் வருகிறது? கலர் சோடா பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில்! வாசல் திண்ணையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் காரைத் தேய்க்கிறோம். தவழ்கிற, தள்ளாடி நடக்கிற பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

இந்த எண்ணெய்கள் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்கிற கெடுதல் அதிகம். தண்ணீர் போல ஓடுகிற திரவம் என்பதால், குடிக்கும்போது புரைக்கேறினாலும் வாந்தி எடுத்தாலும் சுலபமாக மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒரு மடக்கே நிமோனியா போன்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகையால் பிள்ளை குடித்துவிட்டால் தொண்டையில் விரலை விடாதீர்கள். உப்புக் கரைசல், பால், மோர், முட்டை கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் பாசத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். இருமல், வேகமூச்சு, மயக்கம் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம் என்பதால் டாக்டர்கள் வைத்திருந்து பார்ப்பார்கள்.

வாசனையும் லேசுப்பட்டதல்ல. கதவை மூடிய காருக்குள் உட்கார்ந்து தின்னரால் துடைத்தால் தலை சுற்றும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம், வீட்டு ஆண்களிடம் விட்டுவிடுங்கள். சீமெண்ணெயோ பெட்ரோலோ தொட்ட இடத்தில் டிரையர் காட்டுவது தீயை விலைகொடுத்து வாங்குவது.

சுரண்டி எடுத்த ஸ்டிக்கர்த் துண்டுகளை அப்போதே கூட்டி அள்ளிவிடுங்கள். பளபளவென்று கிடந்தால் சின்னது எடுத்து வாயில் போடும்.

புதுப்பெண் வீட்டுக் காரில் பெரிய எழுத்துக்கள் எல்லாம் இரண்டு சாயங்காலத்தில் வந்துவிட்டன. செலவு, கால் கிண்ணம் தேங்காய் எண்ணெய். அவள் வாங்கி வைத்திருந்த தின்னர் அரை லிட்டர் அப்படியே இருந்தது. "இதை என்னங்க பண்றது, கொட்டிரலாமா?" என்றாள். சாக்கடையிலும் தென்னை மரத்தடியிலும் கொட்டக்கூடாது. தெருவில் பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கொடுத்து அனுப்பினோம். உங்கள் வீட்டுப் பரணில், மாடிப்படி அடியில் அப்படி ஒரு பாட்டில் இருக்கிறதா? சோடா பாட்டிலில் இருக்கிறதா? இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.