காணொலிக்கு இட ஒதுக்கீடு உண்டா?

சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்களில் சுற்றுவட்டாரக் காலனிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல் வேலையும் துப்புரவு வேலையும்தான். ஊர்ப்பெயரில் மட்டும் சேரி நிலைத்துவிட்டது.

இந்தப் பிள்ளைகளில் கல்லூரிவரை வந்தவர்களுக்கு ‘ஸ்வயம்’, ‘என்பிடெல்’ இணையவழிப் பாடங்கள் கைகொடுக்கும் என்கிறார்கள். கொடுக்கட்டும். சென்னை ஐஐடி பேராசிரியரின் பாடத்தைச் செங்கல்பட்டு அரசுக் கல்லூரி மாணவி கட்டணமின்றிக் கேட்பது சின்ன விஷயமல்ல.

நம் கவலை வேறு. படிப்பின் மொத்தப் புள்ளிகளில் 20 விழுக்காடுவரை இணையப் பாடங்களில் பெறலாம் என்று 2016இல் விதி செய்தது பல்கலைக்கழக மானியக் குழு. 2021இல் அதை 40 ஆக்கியது. நாற்பது என்பது துணைப்பாடமா, மாற்றுப்பாடமா? காணொலி இருக்கிறதே என்று நிர்வாகங்கள் கணக்குப் போட ஆரம்பித்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் கௌரவ விரிவுரையாளர். பணியிடம் போனால் இனச்சுழற்சியும் கூடவே போகும். காணொலிக்கு இட ஒதுக்கீடு கிடையாது.

அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டு வழியையும் பார்த்துவிட்டது. 2012இல் மின்சுற்றுப் பாடத்துக்கு எம்ஐடி காணொலியை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பு நேரத்தை ஆசிரியரோடு கணக்குப் போடச் செலவிட்டார்கள். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே ‘உடாசிட்டி’ நிறுவனத்தோடு சேர்ந்து முழுக்க இணையத்தில் நடத்திய பாடங்களில் ஏராளமானோர் தோற்றார்கள், திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அங்கே தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் காணொலிப் பாடத்தை ஏற்க மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். துறைகள் கலைக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தது.

நம் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். வீட்டில் முதல் பட்டதாரி, பள்ளியில் தமிழ்வழி, காணொலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலம். வகுப்பில் “புரியலை சார்” என்று எழுந்து சொல்லவே ஓராண்டு தயங்குகிற பிள்ளை, கைப்பேசித் திரையிடம் யாரைக் கேட்கும்? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டில் கணினி இருந்த வீடுகள் நூற்றுக்குப் பதினொன்றுதான். அந்தப் பதினொன்றில் காலனி வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இணையப் பாடம் படிப்போருக்குக் கணினி, ஆய்வகம், நூலக வசதியைக் கல்லூரி இலவசமாகத் தர வேண்டும், வழிகாட்ட ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று அந்த 2016 விதியே சொன்னது. சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தையும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குக் கல்லூரியே கட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் தயங்காமல் கேளுங்கள்: மாலை ஐந்து மணிக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்குமா? வழிகாட்டும் ஆசிரியர் யார், அவர் பெயர் என்ன?