லேசரும் வெல்டிங்தான்!



பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். உலையில் உருக்கிக் கலப்பார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். இப்போது உலை இல்லாமல், உலோகப் பொடியில் லேசர் கதிரைப் பாய்ச்சியே கலவை செய்கிறார்கள். இதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது, "இனிமே வெல்டிங் வேலை எல்லாம் போச்சு, ஐ.டி.ஐ. போறதே வேஸ்ட்" என்று சில பையன்கள் சொன்னார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் இது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். கோலமாவைவிட நைசான உலோகப் பொடியைத் தலைமுடி பருமன்கூட இல்லாமல் மெல்லிசாகப் பரப்புவார்கள். அதன் மேல் லேசர் புள்ளி கோலம் போடுவதுபோல ஓடும். பட்ட இடம் உருகி உடனே இறுகிவிடும். மேலே இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி லேசர். இப்படி ஆயிரக்கணக்கான அடுக்கு! மிஞ்சின பொடியைச் சலித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பையன்கள் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. நம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2024 மே 9-ல் இஸ்ரோ இந்த முறையில் செய்த பி.எஸ்.4 ராக்கெட் எஞ்சினை 665 விநாடி எரியவிட்டுச் சோதித்தது. பழைய முறையில் 14 பாகம், இதில் ஒரே பாகம். 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமலே போய்விட்டன. முன்பு 565 கிலோ உலோகம் வேண்டும், இப்போது 13.7 கிலோ பொடி போதும். மீதி எல்லாம் கடைந்து வீணாகப் போனதுதானே! இது நல்லதுதான்.

ஆனால் லேசர் பட்ட இடத்தில் நடப்பது என்ன? உலோகம் சொட்டாக உருகி இறுகுகிறது. வெல்டிங் ராடு முனையில் நடப்பதும் அதேதான். எங்க மாமா வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறாங்க. கரண்ட் குறைஞ்சா ராடு ஒட்டிக்கும், கூடினா தகடு ஓட்டையாயிடும் என்பாங்க. லேசரிலும் சூடு குறைந்தால் பொடி சரியாக உருகாமல் பொத்தல் விழும், கூடினால் உலோகம் கொதித்துப் பொத்தல் விழும். காற்று படாமல் இருக்க ஆர்கான் வாயு விடுவதும் லேசருக்கும் சில வகை வெல்டிங்குக்கும் பொது.

கலவை விஷயத்தில் இன்னும் வேடிக்கை. செம்புப் பொடியையும் துத்தநாகப் பொடியையும் கலந்து லேசரால் உருக்கினால் பித்தளை வந்துவிடும் என்று நினைப்போம். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்! அளவு பார்த்துப் போட்டாலும் கலவை மாறிப்போகும். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை வரும், ராத்திரி குளிர் ஜுரம் அடிக்கும் என்று மாமா சொல்வாங்க. அந்தப் புகையும் துத்தநாகம்தான். விஞ்ஞானிகளின் பிரச்சினை எங்க மாமாவுக்கு முன்னாடியே தெரியும், பெயர்தான் தெரியாது.

உலையில் கஷ்டப்படும் சில கலவைகள் லேசரில் நன்றாக வருகின்றன. அமெரிக்காவின் நாசா 2022-ல் அறிவித்த ஜி.ஆர்.எக்ஸ்-810 அப்படிப்பட்டது. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த பொடியின் மேல் இட்ரியம் ஆக்சைடு தூளைப் பூசி லேசரால் உருக்கினார்கள். அது 1,090 டிகிரிக்கு மேலும் தாங்குகிறது.

இந்த லேசருக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று சொல்ல ஆள் வேண்டும். உலோகம் உருகுவதைக் கண்ணால் பார்த்துப் பழகினவங்களுக்கு அது சீக்கிரம் புரியும். அதனால் ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் பொடியையும் லேசரையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. நான் வெல்டர் பிரிவு எடுக்கிறேன் என்றால் அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி நெருப்பு வேலை?" என்கிறாங்க. (அடுப்பு மட்டும் நெருப்பு இல்லையாம்!)

தலைமை ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மேற்படிப்பு பற்றிப் பேச இன்ஜினியர், நர்ஸ், பேங்க் மேனேஜர் எல்லாரையும் அழைக்கிறோம். அடுத்த தடவை ஒரு வெல்டரையும் அழையுங்கள் ஐயா. எங்க மாமா வரத் தயார். மேடையில் பேச மட்டும் கூச்சப்படுவாங்க, கேள்வி கேட்டால் பதில் சொல்லிடுவாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி