கையெழுத்துப் போட மாட்டேன், அப்பா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு கடதாசி கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் பிளாசாவை இடித்துவிட்டு மூன்று உயர்மாடிகள் கட்டப் போகிறார்களாம். "எங்கள் அயலின் தன்மையைக் காப்பாற்றுங்கள்" என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள். மூன்றாவது பெயர் அப்பாவுடையது.

"பிள்ளை, உன்ர பேரையும் எழுதிவிடு. நாளைக்குப் பக்கத்து வீட்டு அன்ரி வந்து எடுப்பா."

பிறகு போடுகிறேன் என்று சொல்லித் தப்பிவிட்டேன். இன்னும் போடவில்லை. போடப் போவதுமில்லை. ஏன் என்று அப்பாவிடம் முழுதாகச் சொல்ல முடியாமல் இங்கே எழுதுகிறேன். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ரனிலோ இருந்தால், உங்கள் வீட்டு மேசைக்கும் இப்படி ஒரு கடதாசி வந்திருக்கும். இல்லாவிட்டால் இனி வரும்.

முதலில் அப்பாவின் பக்கத்தைச் சொல்கிறேன். அந்தப் பிளாசாவில்தான் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. கொத்துரொட்டிக் கடை, நகைக் கடை, நான் கணக்குப் படித்த ரியூசன் எல்லாம் அங்கேதான். கட்டி முடிய எத்தனையோ வருடம் ஆகும், அதுவரை தூசியும் லொறியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்போதே வகுப்பறை போதாமல் முற்றத்தில் போர்ட்டபிள் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் காலையில் ஏற முடியாது. ஸ்காபரோவின் பழைய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றுபோனது, அதற்குப் பதிலாக வரும் சப்வே இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. இதற்குள் இன்னும் பல நூறு குடும்பங்கள் என்றால் பயம் வரத்தான் செய்யும். பின்வளவில் அப்பா போடும் பாவற்காய்ப் பந்தலுக்கு வெயில் கிடைக்குமா என்ற கேள்வியையும் நான் சின்னதாக நினைக்கவில்லை.

அதற்கும் கீழே வேறொன்று இருக்கிறது. அப்பாவின் குடும்பம் வலிகாமம் வடக்கில் வீடு வளவோடு இருந்தது. அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. தன் வாசலுக்கு முன்னால் என்ன நடக்கும் என்று வேறு யாரோ முடிவெடுப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் இங்கே அவருடைய வீட்டை யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் வேறு ஆட்கள் குடிவருகிறார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒன்றல்ல.

அந்த "வேறு ஆட்கள்" யார்? கொஞ்சம் பின்னுக்குப் போனால், நாங்கள்தான்.

அப்பா கனடா வந்த புதிதில் சென்ற் ஜேம்ஸ் ரவுணில், ஒற்றை அறை அப்பார்ட்மென்றில், ஐந்து பேரோடு இருந்தவர். முறை வைத்து நித்திரை கொண்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். பிறகு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற். நான் பிறந்தது அங்கேதான். எட்டு வயது வரை என் ஜன்னலில் தெரிந்தது மேல்வீட்டுக்காரரின் கார் ரயர். எங்களுக்குத் தெரிந்த பல பொடியள் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் அறை அறையாக வாடகைக்கு இருந்தவர்கள். அப்படியான வாடகை வீடுகளுக்கு ஸ்காபரோவில் அனுமதியே இருக்கவில்லை. 2022 டிசெம்பரில்தான் ரொறன்ரோ நகரசபை நகரம் முழுவதும் அவற்றுக்கு இடம் கொடுக்க முடிவெடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச் 31. அதுவரை, அயலவர் ஒருவர் நகரசபைக்கு ஒரு போன் போட்டால் போதும், அந்த அண்ணாமார் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான்.

அப்படி முறைப்பாடு செய்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? சனம் கூடிவிட்டது, கார் விட இடமில்லை, குப்பை கூடிவிட்டது, இந்த அயலின் தன்மை மாறுகிறது. மேசையில் கிடந்த கடதாசியை வாசித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். அப்போது எங்களைப் பற்றிச் சொன்னதை இப்போது நாங்களே இன்னொருவரைப் பற்றி எழுதுகிறோம்.

ஸ்காபரோவுக்கு இது புதிதுமல்ல. 1984இல் அஜின்கோட்டில் ஒரு பழைய ஸ்கேற்றிங் மண்டபம் டிராகன் சென்ரர் என்ற சீன வணிக வளாகமாக மாறியது. அயலில் பெரிய எதிர்ப்பு. பேசப்பட்ட பிரச்சினை போக்குவரத்தும் பார்க்கிங்கும். ஆனால் அதே நேரத்தில் சீனர்களைத் தாக்கும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே சுற்றின. பார்க்கிங் பற்றிக் கவலைப்பட்ட எல்லோரும் இனவாதிகள் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே பார்க்கிங் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் "பார்க்கிங்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. இன்று மளிகைச் சாமானுக்கு அஜின்கோட் பக்கம் போகும் எங்கள் அம்மாமார் அதை மறக்கக் கூடாது.

சரி, உயர்மாடி ஏன் எப்போதும் பிளாசாவிலேயே வருகிறது? இதை நான் இந்தக் கடதாசி வந்த பிறகுதான் தேடி வாசித்தேன். ரொறன்ரோவின் வலய வரைபடத்தில் குடியிருப்புத் தெருக்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த மஞ்சளின் பெரும்பகுதியில் நெடுங்காலமாகத் தனிவீட்டைத் தவிர வேறொன்றும் கட்ட முடியாது. 2023 மே மாதம் நகரசபை ஒரு காணியில் நான்கு குடியிருப்புகள் வரை நகரம் முழுவதும் அனுமதித்தது. 2025 ஜூனில் அதை ஆறாக்க முயன்றபோது புறநகர்க் கவுன்சிலர்கள் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் பழைய ரொறன்ரோ, கிழக்கு யோர்க் பக்க வட்டாரங்களுக்கும் ஸ்காபரோ வடக்குக்கும் மட்டும் என்று முடிந்தது. ஸ்காபரோவின் மற்ற ஐந்து வட்டாரங்கள் அன்றைய முடிவில் சேரவில்லை.

இதன் பொருள் என்ன? சனம் வருவது நிற்காது. உள்தெருக்களில் சின்னச் சின்னதாக இடம் கொடுக்காவிட்டால், வருகிற அவ்வளவு பேரும் பெருந்தெரு ஓரத்தில் இருக்கும் பிளாசாக் காணியில் ஏற வேண்டும். அதனால்தான் கட்டடம் அவ்வளவு உயரம். உயர்மாடி வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் பலர், ஆறு வீட்டுக் கட்டடமும் தங்கள் தெருவுக்கு வேண்டாம் என்றவர்கள். இரண்டையும் மறித்தால் மிச்சமிருப்பது பேஸ்மென்ற்தான்.

எங்கள் பேஸ்மென்றிலும் இப்போது ஒரு சோடி இருக்கிறது. இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள், அக்கா இரவு ஷிப்ற். திட்டம் பற்றிய கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் நடந்தது. நான் அப்பாவோடு போனேன். மைக்குக்கு வந்தவர்கள் எல்லோரும், "நான் இத்தனை வருடமாக இங்கே வீட்டுச் சொந்தக்காரர்" என்றுதான் தொடங்கினார்கள். வாடகைக்கு இருக்கும் ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த அக்கா அந்த நேரம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தநாள் சலவை மெஷினடியில் அவரைக் கண்டு கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நிழலைப் பற்றிக் கேட்கவில்லை. "அதில எங்களால வாடகை குடுக்கக்கூடிய மாதிரி வீடு வருமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மணித்தியாலம் நடந்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கட்டாதே" என்பதை விட்டுவிட்டு "எப்படிக் கட்டப் போகிறாய்?" என்று கேட்கத் தொடங்கினால், கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

ஒன்று, வாடகை. ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாகக் குடியேறிய வீடுகளுக்கு, வருடாந்த வாடகை உயர்வுக்கான உச்ச வரம்பு பொருந்தாது. புதிய கட்டடத்தில் முதல் வருட வாடகை கட்டுப்படியானாலும் அடுத்த வருடம் எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது. ஆகவே, குறைந்த வாடகை வீடுகள் எத்தனை, எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டு, அறைகள். எங்கள் குடும்பங்களில் அம்மம்மாவும் இருப்பார். ஒற்றை அறைக் கொண்டோ எங்களுக்குச் சரிவராது. பெரிய கட்டடங்களில் குறைந்தது நூற்றுக்குப் பத்து வீடு மூன்று அறையோடும், பதினைந்து வீடு இரண்டு அறையோடும் இருக்கவேண்டும் என்று ரொறன்ரோ நகரசபையே 2020இல் ஒரு வழிகாட்டல் வைத்திருக்கிறது. இந்தத் திட்டம் அதன்படி இருக்கிறதா?

மூன்று, கடைகள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடித்தால், இடிப்பவர் அந்த வீடுகளைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று ரொறன்ரோவில் விதி இருக்கிறது. பிளாசாக் கடைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கடைக்காரரின் குத்தகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்னக் கடைகளுக்கு, அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில் இடம் இருக்குமா? இல்லாவிட்டால் ஒரு வங்கியும் ஒரு கோப்பிக் கடையும்தான் வரும்.

இதற்கு அப்பாவின் நண்பர் ஒருவர் சொன்ன மறுப்பு எனக்கு நியாயமாகத்தான் பட்டது. "தம்பிமார் கேட்டாப்போல குடுத்திடுவாங்களே? கொம்பனிக்காரன் எல்லாத்துக்கும் ஓம் எண்டிட்டு, கடைசியில தன்ர எண்ணத்துக்குத்தான் கட்டுவான்." நடக்கக்கூடியதுதான். ஆனால் வெறும் "வேண்டாம்" இதைவிடப் பலமானதா என்று பாருங்கள். நகரசபை திட்டத்தை மறுத்தால், அல்லது குறித்த காலத்துக்குள் முடிவெடுக்காவிட்டால், கட்டுபவர் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். 2024 ஜூனில் நிறைவேறிய மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, இப்படியான வலய மாற்றங்களை எதிர்த்து அயலவர்கள் அங்கே மேன்முறையீடு செய்ய முடியாது. ஆக, எங்கள் குரலுக்கு இடம் இருப்பது நகரசபை முடிவெடுப்பதற்கு முன்னால்தான். அந்த ஒரே நேரத்தையும் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லில் செலவழித்துவிட்டால், கட்டடமும் வரும், நாங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒன்றும் வராது.

உங்களில் பலர் என்னைப் போலத்தான் இருப்பீர்கள். வளர்ந்த இடத்திலேயே இருக்க ஆசை, அங்கே ஒரு வீடு வாங்க வழியில்லை, வாடகைக்கு எடுக்கவும் காசு போதாது. பெற்றோரின் பேஸ்மென்றில் இருந்துகொண்டே புதிய வீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் வீட்டுக்குக் கடதாசி வந்தால், தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். காணியில் நாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில் திட்ட விண்ணப்பத்தின் விபரம் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் பேஸ்மென்றில் இருப்பவர் வர முடியாவிட்டால், அவர் கேட்க நினைப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

நான் கவுன்சிலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறேன். கட்டுங்கள் என்றுதான் தொடங்கினேன். பிறகு வாடகையும் மூன்று அறை வீடுகளும். அனுப்ப முதல் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"எல்லாம் எழுதியிருக்கிறாய். அந்தக் கடைக்காரர் எங்க போறது? அதை எழுதேல்லையே?"

உண்மை, நான் அதை எழுதவே இல்லை. மேலே மூன்றாவதாக இருக்கும் பந்தி அப்பா சொல்லி வந்தது. அவர் தன் கையெழுத்தை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி வந்து கடதாசியை எடுத்துக்கொண்டு போய்விட்டா. என் கடிதம் அப்பாவின் பந்தியோடு நேற்றுப் போனது.