டிபி சின்ன வட்டம்தானே... முழுப்படம் யார் கைக்குப் போகும்?

ட்விட்டரில், அதாவது இன்றைய எக்ஸ் தளத்தில், டிபி சின்ன வட்டமாகத்தான் தெரியும். ஆனால் பெரிய படம் சர்வரில் அப்படியே இருக்கிறது.

அதை எடுப்பது எப்படி? ஒருவரின் விவரத்தை ஏபிஐ-யிடம் கேட்டால் படத்தின் லிங்க்கும் வரும். ஃபைல் பெயரின் கடைசியில் 'நார்மல்' என்றிருந்தால் 48-க்கு 48 பிக்சல். 'பிக்கர்' என்றால் 73-க்கு 73. அந்தச் சொல்லையே நீக்கிவிட்டால்? ஒரிஜினல் அளவிலேயே படம் வந்துவிடும். இது ஹேக்கிங் இல்லை. டெவலப்பர்களுக்கு நிறுவனமே சொல்லிக்கொடுத்த வழி.

அக்கவுன்ட்டை லாக் செய்தாலும் ட்வீட்தான் மறையும், டிபி மறையாது.

அதனால் என்ன என்று விட்டுவிட முடியாது. சமூக வலைதளங்களில் இருந்து முகப்படங்களைக் கோடிக்கணக்கில் கிளியர்வியூ ஏஐ நிறுவனம் திரட்டியது 2020-ல் அம்பலமானது. நிறுத்தச் சொல்லி ட்விட்டர் நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் எடுத்த பிறகு நோட்டீஸ் அனுப்பி என்ன பயன்?

பெரிய படத்தை யார் எடுக்கலாம் என்பதைப் பயனரே முடிவு செய்ய ஒரு செட்டிங் வேண்டும். அதுவரை, தளம் பரிந்துரைக்கும் 400-க்கு 400 பிக்சலுக்குப் படத்தைச் சுருக்கிப் போடுங்க. பின்னணியில் குழந்தைகள், வீட்டு நம்பர், ஐடி கார்டு வேண்டாம்.