இஸ்வாராவுக்கு எந்த என்ஜின்?

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை 6.30க்குள் கிள்ளானில் உள்ள மையத்தில் இருக்க வேண்டும். அழைத்துப் போவது அப்பாவும் அவருடைய 1994ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாராவும்தான்.

போன மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் இரண்டு முறை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது முறை நான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓடினேன். அம்மா கைப்பையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

“வேற கார் வாங்கிடலாம்பா” என்றேன்.

“இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா கடன்? இது கைக்குப் பழகின வண்டி” என்றார்.

பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்தார்கள். இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைவு. நீலப் புகைக்கும் அதுதான் காரணம். மூன்று வழிகள் இருப்பதாக மெக்கானிக் அண்ணன் சொன்னார். பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே மூன்று வழிகள்தான்.

முதலாவது, இருக்கிற 1.5 என்ஜினையே ஓவர்ஹால் செய்வது. என்ஜின் எண் மாறாது, பத்திர வேலை இல்லை. ஆனால் கார்புரேட்டர் அப்படியேதான் இருக்கும். ஈரமான விடியற்காலையில் அதே தொல்லை திரும்ப வரலாம்.

இரண்டாவது, என் ஆசை: 4ஜி93 எனும் 1.8 என்ஜின். சத்ரியா ஜிடிஐயில் வந்த குடும்பம். படிக்கும் காலத்திலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். அண்ணன் சிரித்தார். “ஓட்டப் போறது நீங்களா, அப்பாவா தம்பி?” வேகம் கூடினால் பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சாலை வரியும் கூடும். தீபகற்பத்தில் 1.5 தனியார் காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 1,834 சிசி கொண்ட 1.8க்கு 297 வெள்ளி.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம்: விரா 1.5 ஜிஎல்ஐயில் வந்த 4ஜி15 இஎஃப்ஐ என்ஜின். இஸ்வாராவின் என்ஜினும் அதே குடும்பம் என்பதால் பொருத்துவதில் சண்டை குறைவு. எரிபொருளை ஊசிபோல் அளந்து தெளிப்பதால், குளிர்ந்த என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அப்பாவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் ஒன்று. இஎஃப்ஐ என்பது கழற்றி மாட்டுகிற ஓர் உதிரிபாகம் அல்ல. அது ஒரு முழு ஏற்பாடு. என்ஜினோடு அதன் இசியு, வயரிங், சென்சார்கள் எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். வயரை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. இஎஃப்ஐக்குச் சுமார் 3 பார் வேண்டும். அதற்கு மின்சார பம்பு, மிஞ்சும் பெட்ரோல் டேங்கிற்குத் திரும்பும் குழாய், அந்த அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் குழாய்கள் அவசியம். இங்கே காசைச் சேமிக்க நினைத்தால் கசிவு, தீ என்று போய் நிற்கும். பழைய டேங்கில் துரு இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

என்ஜின் காருக்குள் இறங்குவதற்கு முன்பே டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, எண்ணெய் சீல்களை மாற்றிவிட்டோம். வெளியே இருக்கும்போது எளிதான வேலை. உள்ளே போனபின் இரட்டைக் கூலி. நான் என்ஜின் விலையை மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். கூலி, பம்பு, குழாய், பெல்ட் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இன்னொரு மடங்கு ஆனது.

பலர் கோட்டை விடுவது பத்திரத்தில். என்ஜின் மாறினால் எண்ணும் மாறும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, வாகனச் சோதனை முடித்து, கிராண்டில் புது எண்ணைப் பதிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். என்ஜின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இறக்குமதி என்ஜின் என்றால் சுங்கப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். ரசீது தரமாட்டேன் என்று சொன்ன ஒரு கடையிலிருந்து, விலை மலிவாக இருந்தும், நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். எண் பொருந்தாத காரில் அப்பா விடியற்காலையில் ரோட் பிளாக்கில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. ஒரு நாள்கூடக் கார் தகராறு செய்யவில்லை. ஆனால் அப்பா இன்னமும் சாவியைத் திருப்பும் முன் ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதிக்கிறார். “அது இனி தேவையில்லைப்பா” என்று நானும் பலமுறை சொல்லிவிட்டேன்.

“வண்டிக்குத் தேவையில்லதான், எனக்குத்தான் பழக்கம்” என்கிறார். பின் இருக்கையில் அம்மா சிரிக்கிறார்.