விமானத்திலும் மேஸ்திரி ராஜ்யமா?

கோவை அவினாசி சாலையில் சின்னியம்பாளையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், பீளமேட்டு விமான நிலையத்துக்கு வந்து போகும் விமானங்கள் தாழப் பறப்பதைக் காணலாம். அதே சின்னியம்பாளையத்தின் தொழிலாளத் தோழர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பெண் தொழிலாளி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டு எழுந்த கொந்தளிப்பே அந்த வழக்கின் தொடக்கம். மேஸ்திரியின் வாய்க்கும் கைக்கும் அஞ்சி ஆலைக்குள் நுழைந்த காலத்தைக் கொங்கு நாட்டு உழைப்பாளி மறக்கவில்லை.

அந்த மேஸ்திரி ஒழிந்துவிட்டானா? சட்டையை மாற்றிக்கொண்டு விமானத்தில் ஏறிவிட்டான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

2025 ஜூன் மாதம் வெளிவந்த செய்தியை வாசகர்கள் படித்திருக்கலாம். இண்டிகோ நிறுவனத்தில் பயிற்சியிலிருந்த விமானி, ஆதிதிராவிட சமூகத்தைச் சேர்ந்த இளைஞர், மேலதிகாரிகள் மூவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தார். ஏப்ரல் 28 அன்று குருகிராம் தலைமையகத்தில் நடந்த கூட்டத்தில், உனக்கு விமானம் ஓட்ட யோக்கியதை இல்லை, போய்ச் செருப்புத் தை என்று தம்மை இழிவுபடுத்தினார்கள் என்பது அவர் புகார். தேவையில்லாத மறுபயிற்சியும் சம்பளப் பிடித்தமும் அதில் சொல்லப்பட்டிருந்தன. நிறுவனம் எல்லாவற்றையும் அடியோடு மறுத்தது. வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டதும் கோவை, ஈரோடு, திருப்பூர் அருந்ததியர் குடியிருப்புகளில் யாருக்கு உடல் கூசாது? எத்தனை தலைமுறையாகக் கேட்டுப் புளித்த சொற்கள் அவை!

பயிற்சியாளரின் அதிகாரம் எத்தகையது என்று பாருங்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மாணவன் எப்போது தனியாகப் பறக்கலாம் என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர். பறந்த கணக்கில் கையெழுத்திடுபவரும் அவரே. செலவோ அரைக் கோடியைத் தொடுகிறது. தோட்டத்தை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பிய தகப்பன் ஊரில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். இந்த நிலையில் வசவைக் கேட்டு வாய் திறக்க எந்த மாணவனுக்குத் துணிவு வரும்? "இன்னும் பத்து மணி நேரம் பறந்துவிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லட்சங்கள் போய்விடும்.

"உயிர் சம்பந்தப்பட்ட தொழில், கண்டிப்பு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். பிழையைப் பிழை என்று சொல்வது கண்டிப்பு. பிறப்பைச் சொல்லித் திட்டுவதும் பலர் முன்னே மண்டையில் தட்டுவதும் அட்டூழியம். உயிரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் நடந்ததைப் படிக்கட்டும். அனுமதி கிடைக்குமுன் விமானத்தை ஓடவிட்டவர், டச்சு நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பக்கத்தில் இருந்த துணை விமானியோ சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் அவரிடமே சோதனை பெற்றுத் தேறியவர். எதிரே விமானம் விலகிவிட்டதா என்று பொறியாளர் ஐயம் எழுப்பினார், தலைவர் தள்ளிவிட்டார். மாண்டவர்கள் 583 பேர். 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்காமல் மேலே எழும்பும்படி துணை விமானி மும்முறை சொல்லியும் தலைவர் கேட்கவில்லை. 158 பேர் கருகினர். மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று பயிற்சியிலேயே பழக்கப்படுத்தினால், பின்னால் பயணிகள் அமர்ந்திருக்கும்போது அந்த வாய் எப்படித் திறக்கும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, இழிசொல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், சாட்சியின்றிப் பேசியது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. இரண்டு பேர் மட்டும் அமரும் பயிற்சி விமானத்தில், பூமிக்கு மூவாயிரம் அடி மேலே, சாட்சிக்கு யார் வருவார்? மேகமா?

ஆகவே நாம் கேட்பது இது. பயிற்சிப் பறப்பின் பேச்சு முழுவதும் பதிவாக வேண்டும். அதன் நகல் மாணவன் கையிலும் இருக்க வேண்டும். பணம் இழக்காமல் பயிற்சியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். புகாரை விசாரிக்கும் குழுவில் பள்ளி நிர்வாகத்தின் சம்பளம் வாங்காதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையிலேயே செய்துவிடலாம். பள்ளி முதலாளிகளின் முகத்தைப் பார்க்காமல் இருந்தால்.

அதுவரை, பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒன்று செய்யட்டும். ஒவ்வொரு நாளும் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, அருகில் யார் இருந்தார் என்று எழுதி, வீட்டுக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள். தனியாகப் புகார் கொடுக்கப் போகாதீர்கள். உடன் பயில்பவர்களில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.