பஞ்சு விலையில் நாம் யார் பக்கம்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் இடையே அதிக தூரமில்லை. விடிவதற்கு முன்பே அந்தப் பாதையில் இரண்டு வகை உழைப்பாளிகள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். ஒருவர் மில்லுக்குப் போய்ப் பஞ்சை நூலாக்குகிறார். மற்றொருவர் கரிசல் காட்டிற்குப் போய்ப் பருத்தி எடுக்கிறார். எத்தனையோ வீடுகளில் இவ்விருவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். தாய் காட்டில், மகன் மில்லில். அல்லது தகப்பன் களத்துமேட்டில், மகள் ஸ்பின்னிங்கில்.

இந்த ஒரே வீட்டுக்குள் இன்று ஒரு வாதம் நுழைந்திருக்கிறது. வெளிநாட்டுப் பஞ்சு தீர்வையில்லாமல் இறங்கலாமா, கூடாதா? மகன் ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நிற்கவேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். நம் தோழர்களிடையிலும் இதில் இரண்டு கருத்துகள் உண்டு. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. வெளிப்படையாகவே விவாதிப்போம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இறக்குமதிப் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவிகிதத் தீர்வை விதித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இந்தியச் சரக்குகள் மீது முதலில் 25 சதவிகிதமும், அம்மாதம் 27-ந் தேதி முதல் மேலும் 25 சதவிகிதமுமாக 50 சதவிகித வரி சுமத்தினார். ஜவுளி ஏற்றுமதிக்கு இது பலத்த அடி. அந்த நேரத்தில் டில்லி சர்க்கார் என்ன செய்தது? ஆகஸ்ட் 19 முதல் பஞ்சுத் தீர்வையை நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் முடிய என்றது. பிறகு டிசம்பர் 31 வரை என்று நீட்டியது. நாட்டில் புதுப் பருத்தி மார்க்கெட்டுக்கு வரத் தொடங்கும் மாதம் அக்டோபர். விவசாயி மூட்டை கட்டி நிற்கிற அதே வேளையில் வாசலைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு தரப்புத் தோழர்கள் சொல்வது இது: நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. பஞ்சு விலை ஏறினால் மில் ஷிப்டைக் குறைக்கிறது. முதலில் வேலை இழப்பவர் பதிலித் தொழிலாளி. ஆகவே பஞ்சு மலிவாக வரட்டும், மில் ஓடட்டும், வேலை நிலைக்கட்டும்.

இந்த வாதத்தை ஏளனம் செய்வது தவறு. மில் ஓடாவிட்டால் தொழிலாளி வீட்டில் உலை கொதிக்காது. நாட்டின் நூற்பாலைகளில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலுங்கானா போன்ற ராஜ்யங்களிலிருந்து வருகிறது. இதுவும் மெய்யே.

மறு தரப்பு சொல்வது: ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி விளைந்த மண். இங்குள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. விலை சரிந்தால் குத்தகைக்காரர் பருத்தியை விட்டுவிடுகிறார். பருத்தி இல்லையென்றால் பருத்தி எடுக்கும் கூலியும் இல்லை. ஆகவே தீர்வை இருந்தே ஆகவேண்டும்.

இதுவும் மெய்யே. அப்படியானால் யார் பக்கம் நிற்பது? அனுபவத்தைக் கேட்போம்.

2022 ஏப்ரல் 14 முதல் இதே தீர்வையை சர்க்கார் ரத்து செய்தது. உடனே பஞ்சு மலிந்ததா? இல்லை. அடுத்த மாதமே ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாட்டு மில்கள் உற்பத்தியைக் குறைத்தன. உலகச் சந்தையில் விலை ஏறி நின்றபோது தீர்வையை நீக்கியதால் பயன் விளையவில்லை. ஒரு கண்டிப் பஞ்சுக்கு விதையோடு கூடிய பருத்தி சுமார் பத்து, பத்தரைக் குவிண்டால் வேண்டும். அந்த உச்ச விலை வந்தபோது சிறு விவசாயியின் வீட்டில் பருத்தி இல்லை. அறுவடை முடிந்த கையோடு கடனுக்காக விற்றுவிட்டார். சரக்கைப் பிடித்து வைத்திருந்தவன் வியாபாரி. விலை ஏறினாலும் அவனுக்கு லாபம். பிறகு விலை இறங்கியபோது நஷ்டம் விவசாயிக்கு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பஞ்சு விலைக்கும் கூலிக்கும் நேரான பாதை கிடையாது. இடையில் வியாபாரியும் முதலாளியும் வட்டிக்காரனும் நிற்கிறார்கள். பஞ்சு மலிந்ததால் மட்டும் சைடு பார்க்கும் பெண்ணின் சம்பளம் உயர்ந்துவிடாது. பருத்தி விலை உயர்ந்ததால் மட்டும் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுக்கும் பெண்ணின் கூலியும் உயர்ந்துவிடாது. இரண்டும் உயர வேண்டுமானால் சங்கம் வேண்டும்.

இந்த வாதம் நமக்குப் புதிது. தொழிலாளி வர்க்கத்திற்குப் பழையது. இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்தின் மீது தீர்வை இருந்தது. அதனால் நிலப்பிரபுக்கள் கொழுத்தார்கள். மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளிகள் சங்கம் அமைத்து, தீர்வையை நீக்கினால் ரொட்டி மலியும், தொழிலாளி சுகமாக வாழ்வான் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். தொழிலாளரின் சாசன இயக்கத்தினர் அக்கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள்: ரொட்டி மலிந்தால் நீங்கள் கூலியைக் குறைக்கமாட்டீர்களா? 1846ல் தானியத் தீர்வை நீக்கப்பட்டது. மறு வருஷம் பெண்களுக்கும் இளம் தொழிலாளருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் பார்லிமெண்டில் வந்தது. மலிவு ரொட்டியின் தலைவர்களில் ஒருவரான ஜான் பிரைட், தாமே பஞ்சாலை முதலாளி, அந்தச் சட்டத்தை எதிர்த்தார்! ரொட்டிக்கு நண்பர், ஓய்வுக்கு விரோதி.

1848 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் காரல் மார்க்ஸ் இது பற்றியே பேசினார். சுதந்திர வர்த்தகம் என்பது மூலதனத்தின் சுதந்திரம் என்று அவர் எடுத்துக் காட்டினார். அதே பேச்சின் முடிவில், பழைய அமைப்பைச் சீக்கிரம் உடைக்கும் என்ற காரணத்திற்காக அவர் சுதந்திர வர்த்தகத்தையே ஆதரித்தார். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அன்றைய இங்கிலாந்து உலகத்தின் பட்டறை. நம் நாடு அதன் சந்தை. லங்காஷயர் துணி நம் கைத்தறி நெசவாளியை நொறுக்கியது. அது போதாதென்று 1896ல் இந்திய மில் துணி மீதே மூன்றரை சதவிகித வரி போட்டார்கள். தீர்வை என்பது ஒரு கத்தி. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இன்று உலகத்தைப் பாருங்கள். நமக்குச் சுதந்திர வர்த்தகம் போதிக்கும் அமெரிக்கா தன் பருத்திப் பண்ணைகளுக்கு மானியத்தை அள்ளிக் கொடுக்கிறது. 2002ல் பிரேஸில் இதை எதிர்த்து உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்து, பிறகு வென்றது. அமெரிக்கா மானியத்தை ஒழித்ததா? 2014ல் பிரேஸிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2003ல் பெனின், புர்க்கினா பாஸோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க ஏழை நாடுகள் இதே நியாயத்தைக் கேட்டன. அவற்றிடம் மிரட்டும் சக்தி இல்லை. அவற்றின் குரல் அமுக்கப்பட்டது. மாலி நாட்டுப் பருத்தி விவசாயியும் நம் கரிசல் காட்டு விவசாயியும் ஒரே தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள். டிரம்பின் வரி விகிதம் ஏறலாம், இறங்கலாம். அமெரிக்கா மிரட்டினால் டில்லி பணிந்து, அதன் சுமையைக் காட்டுக்கும் மில்லுக்கும் தள்ளிவிடும் வழக்கம் மாறாதவரை நமக்கு விடிவில்லை.

தோழர்களே! மலிவுப் பஞ்சு வந்தால் வேலை நிலைக்கும் என்பவர்களை நாம் ஒன்று கேட்கவேண்டும். அந்த வாக்குறுதி எழுத்தில் உண்டா? தீர்வைச் சலுகை தந்த அதே 2025ல், நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. முன்பு 100 பேருக்கு மேற்பட்ட ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும். இந்த வரம்பை 300 ஆக்கிவிட்டார்கள். 300 பேருக்குக் குறைந்த மில், கேட்பார் அனுமதி இன்றியே கதவைச் சாத்தலாம். தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யவோ 14 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். முதலாளிக்குச் சலுகை உடனே. தொழிலாளிக்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

காட்டில் வேலை செய்கிறவருக்கு என்ன செய்தார்கள்? 2005ம் வருஷத்துச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை, கூலிப் பேச்சில் விவசாயத் தொழிலாளிக்கு ஒரு தெம்பு கொடுத்தது. இந்தக் கூலி கட்டாது என்று சொல்ல ஒரு மாற்று இருந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்ட் ஒரு புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. நாள் கணக்கு 125 என்று பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் செலவில் 40 சதவிகிதத்தைப் பெரும்பாலான ராஜ்யங்களின் தலையில் கட்டுகிறது. விதைப்பு, அறுப்புக் காலத்தில் வருஷத்திற்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்கிறது. கூலி உயரக்கூடிய நாட்களைப் பார்த்து மாற்று வேலையை மூடுவது யாருக்கு உதவும்? சொல்லத் தேவையில்லை.

ஆக, மில்லிலும் காட்டிலும் ஒரே கைதான் நம்மை அடிக்கிறது. நம் கைகள் எப்படி இருக்கின்றன?

இங்கேதான் கசப்பான உண்மையைப் பேசவேண்டும். 1964ல் கட்சி பிளந்தது. இந்தியப் பெருமுதலாளி வர்க்கத்தின் குணம் என்ன, அதனோடு எந்த அளவு சேரலாம், சோவியத்-சீனத் தகராறில் நிலை என்ன என்ற கேள்விகள் அன்று பெரிய கேள்விகள். அவற்றை அற்பமென்று நாம் சொல்லவில்லை. 1970ல் தொழிற்சங்கமும் பிளந்தது. தலைமுறைகள் கடந்துவிட்டன. மில் வாசலில் இன்று எத்தனை கொடிக்கம்பங்கள்! சிவப்பே இரண்டு மூன்று, மற்றவை வேறு.

இது இனி மனவருத்தம் மட்டுமல்ல, சட்டப்படியே நஷ்டம். புதுச் சட்டத்தின்படி, பல சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவிகிதம் பேரின் ஆதரவுள்ள சங்கம் மட்டுமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், குறைந்தது 20 சதவிகித ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த கவுன்சில் அமையும். ஆறு கொடிகளுக்கிடையே தொழிலாளர் சிதறி, ஒவ்வொன்றும் 15, 16 சதவிகிதம் வைத்திருந்தால் மேஜையில் யார் உட்காருவது? முதலாளி தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வார்!

சில தோழர்கள், சங்கம் கூலியை மட்டும் பார்க்கட்டும், உலக அரசியல் எதற்கு என்கிறார்கள். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து ராஜபாளையத்து ஷிப்டைக் குறைக்கும் காலத்தில் இந்தப் பேச்சு நிற்காது. வேறு சிலர், ஆட்சி மாறாமல் எதுவும் மாறாது, அதுவரை இவையெல்லாம் சில்லறை என்கிறார்கள். இன்று கிலோவுக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வுக்குக் கூடாதவர்கள் நாளை ஆட்சியை மாற்ற எங்கிருந்து கூடுவார்கள்? அன்றாடக் கோரிக்கையும் அரசியலும் ஒரே நூலின் இரண்டு முறுக்குகள். ஒன்றைப் பிரித்தால் நூல் அறுந்துபோகும்.

ஐக்கியம் சாத்தியமா என்ற சந்தேகம் வேண்டாம். 2020 நவம்பர் 26 அன்று மத்திய தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தமும் விவசாயிகளின் டில்லிப் பயணமும் ஒரே நாளில் தொடங்கின. விவசாயிகள் டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸாயின. கொள்கை வேறுபாடுள்ள ஸ்தாபனங்கள்தான் அதை நடத்தின. வாதத்தை நிறுத்தாமலே ஒன்றாக நின்றார்கள்.

ஆகவே மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் இவ்விரு ஊர்களுக்கும் பொதுவான ஒரு கூட்டுக் குழு அமைக்கவேண்டும். அதன் கோரிக்கைகளாக நாம் முன்வைப்பவை:

1. மார்க்கெட்டுக்குப் பருத்தி வரும் மாதங்களில் இறக்குமதித் தீர்வையை நிறுத்தக்கூடாது. மற்ற மாதங்களில் சலுகை தந்தால், அதைப் பெறும் மில் ஆட்குறைப்பு செய்வதில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

2. 2025-26ல் நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும், நீண்ட இழைக்கு 8,110 ரூபாயும் ஆதார விலையாக அறிவித்தார்கள். அறிவித்தால் போதாது. சுவாமிநாதன் கமிஷன் சொன்னபடி முழுச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை வேண்டும். பருத்திக் கழகம் நேரில் வந்து கொள்முதல் செய்யவேண்டும். குத்தகைக்காரர் பட்டா இல்லையென்று திருப்பி அனுப்பப்படக்கூடாது.

3. விலை உயர்வில் பருத்தி எடுப்பவரின் பங்கு கூலியாக வரவேண்டும். சீசனில் ஊரக வேலையை நிறுத்தக்கூடாது.

4. பதிலி, கான்ட்ராக்ட், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் யாவருக்கும் சம வேலைக்குச் சம சம்பளம். அவர்களையும் சங்கத்தில் சேர்ப்பது நம் வேலை.

5. எந்தக் கொடியானாலும், பேச்சுவார்த்தை மேஜையில் ஒரே கோரிக்கைப் பட்டியல்.

இவற்றில் குறையிருந்தால் தோழர்கள் எழுதட்டும். மில் வாசலிலும் சாவடியிலும் வாதிக்கட்டும். ஆனால் ஒன்று நிச்சயம். பருத்தி எடுக்கும் தாயையும் நூல் நூற்கும் மகனையும் எதிரெதிரே நிறுத்தும் எந்த வாதமும் முதலாளியின் வாதமே. அந்த வீட்டின் அடுப்பு ஒன்று. அதைக் காக்கும் சங்கமும் ஒன்றாக நிற்கட்டும்.